கைராசிக்காரி

வடிவாம்பாள் மேடம் குனிந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததுதான் தாமதம், திரையில் கோடு கிடுகிடுவென்று மேலே ஏறியது.

எனக்கு வருவதைவிட நாலு மடங்கு.

"அடேங்கப்பா!" என்றார் பின்னால் நின்ற பிரின்சிபால். எனக்கே கைதட்ட வேண்டும் போலிருந்தது.

மேடம் சென்னையிலிருந்து வந்த நிபுணர். எங்கள் ஆராய்ச்சியை இன்னும் மூன்று வருஷம் நடத்தலாமா என்று பார்த்து எழுத வந்தவர். சரி என்று எழுதினால் இந்த ஆய்வுக்கூடம் நடக்கும், என்னிடம் ஆராய்ச்சி செய்யும் இம்தியாஸுக்கு வேலை இருக்கும். இல்லையென்றால் இந்த மாதக் கடைசியோடு அவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம் வேறு.

மைக்ராஸ்கோப்புக்குக் கீழே இருந்தது அரிசியளவு படிகம். உள்ளே துளிக்கூடக் காந்தம் கிடையாது. ஆனால் அதன் மேல்தோலில், நாலைந்து அணு ஆழத்துக்கு மட்டும், காந்தம் இருக்கிறது என்று நாங்கள் சொல்கிறோம். மேஜையின் அந்தக் கோடியில் உள்ள திருகைத் திருப்பி மின்சாரம் கொடுத்தால் அந்தக் காந்தம் அணைந்துவிடும், விளக்கு மாதிரி. இதுதான் எங்கள் பெருமை.

எங்கள் பெருமை என்ன, என் பெருமை.

மூன்று மாதமாக அந்தப் படிகம் எனக்கு மட்டும்தான் வேலை செய்தது. நான் உட்கார்ந்து குனிந்தால் கோடு ஏறும். எழுந்துபோய்த் திருகைத் திருப்பினால் இறங்கும். இம்தியாஸ் உட்கார்ந்தால் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது.

"உனக்குக் கைராசி இல்லப்பா, போய் டீ வாங்கிக்கினு வா" என்று எத்தனை நாள் விரட்டியிருக்கிறேன்! ஏதோ சொல்ல வாயெடுப்பான். அப்புறம் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

இந்த அறைக்குள் இரும்பு வரக் கூடாது. படிகத்தின் மேல் இருந்து காந்தத்தை அளந்து திரையில் கோடு போடுகிற சென்ஸர் அவ்வளவு தொட்டாற்சிணுங்கி. அதனால் வாசலில் ஒரு தட்டு வைத்திருக்கிறேன். சாவி, செல்போன், வாட்ச், எல்லாம் அதில்தான். இம்தியாஸின் பெல்ட்டைக்கூட விட்டதில்லை. பாவம், பேன்ட்டைப் பிடித்துக்கொண்டே வேலை பார்ப்பான். இன்றைக்கு மேடத்தின் கைப்பையையும் சிரித்த முகமாக வாங்கி வெளியே வைத்தேன்.

மேடம் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க நிமிர்ந்தார்.

கோடு இறங்கியது.

திருகின் பக்கம் யாருமே போகவில்லை.

மறுபடி குனிந்தார். ஏறியது.

அப்போதுதான் அவர் தோளைப் பார்த்தேன். காலையில் காமாட்சியம்மனைக் கும்பிட்டுவிட்டு நேராகக் கல்லூரிக்கு வந்திருந்தார். காஞ்சிபுரம் வருகிறோமே என்று கனமான அரக்குப் பட்டு. அந்த முந்தானையை நழுவாமல் நிறுத்த வரிசையாக நாலு இரும்பு ஊக்கு. குனியும்போதெல்லாம் அந்த நாலும் சென்ஸருக்குப் பக்கத்தில் போய் நின்றன.

என் தோளைத் தடவிப் பார்த்தேன். ஒன்று இருந்தது.

எங்கள் கல்லூரியில் டீச்சர்கள் புடவைதான் கட்ட வேண்டும். செவிலிமேட்டில் டவுன் பஸ் பிடிக்கிற அவசரத்தில் தினமும் குத்துகிற ஊக்கு. குத்திய பிறகு அதை யார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்?

படிகத்தின் காந்தமும் இல்லை, திருகின் வேலையும் இல்லை. திருகைத் திருப்ப நான் எழுந்து போனேன், என்னோடு ஊக்கும் போனது. அவ்வளவுதான் விஷயம்.

மேடம் பேனாவை எடுத்து மூன்று வருஷம் என்று எழுதிவிட்டார், கையெழுத்துதான் பாக்கி. பிரின்சிபால் பொன்னாடையைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் மூன்று வருஷம் கவலை இல்லை. இம்தியாஸ் சுவரோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாசமாய்ப் போக, என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது?

"மேடம், தோள்ல இருக்கிற ஊக்கையெல்லாம் கழட்டிட்டு ஒரே ஒரு தடவ பாருங்க."

பிரின்சிபால் என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே சாம்பலாகியிருக்க வேண்டும். மேடம் நாலையும் கழற்றி வாசல் தட்டில் போட்டுவிட்டு, முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

கோடு அசையவே இல்லை.

அவர் சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வருஷம் என்று எழுதியதை அடித்து ஆறு மாதம் என்று எழுதினார். ஆறு மாதத்துக்குள் ஒழுங்காகச் செய்து காட்ட வேண்டுமாம். போதும், இம்தியாஸின் கல்யாணம் தப்பித்தது.

கார் கிளம்பியதும் அறைக்கு வந்து பொத்தென்று உட்கார்ந்தேன். என்ன படித்து என்ன, மூன்று மாதமாக ஓர் ஊக்கை அளந்துகொண்டிருந்திருக்கிறேன்!

இம்தியாஸ் தன் மேஜை டிராயரைத் திறந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தான்.

தேதிவாரியாக என் கோடுகள் எல்லாம் அதில் இருந்தன. புடவை, புடவை, புடவை, ஏற்றம், ஏற்றம், ஏற்றம். ஒரு லீவு சனிக்கிழமை சுடிதார், அன்றைக்குப் பூஜ்யம். அன்றைக்குக் கரன்ட் சரியில்லை என்று நான் கத்தியது ஞாபகம் வந்தது. பக்கத்தின் அடியில் பென்சிலால் தோள்பட்டை, மைக்ராஸ்கோப், நடுவே தூரம் எத்தனை சென்டிமீட்டர் என்று ஒரு படம். அதன் தேதி நாங்கள் அளக்க ஆரம்பித்த முதல் வாரத்தினுடையது.

நோட்டை மேஜையில் அடித்தேன்.

"அடப்பாவி, மூணு மாசமா தெரிஞ்சிக்கினே ஏன்டா சொல்லல?"

அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"எப்படி மேடம் சொல்றது? என் தோள ஏன்டா பாத்துக்கினு இருந்தன்னு நீங்க கேட்டா, நான் என்னா பதில் சொல்லுவேன்?"