மேல் அடுக்குக் கருவாடு

ஊர் கூடின பந்தலில் ஒரு பிள்ளையின் முகத்தைக் கேவலப்படுத்தினாயே, நீயெல்லாம் மனுஷனா? சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறாயா?

நடந்ததைச் சொல்கிறேன். நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் மண்டபம் ஊரில் என் அக்கா மகள் நாகலெட்சுமிக்குக் கல்யாணம். அப்பன் கடலோடு போனவன். பிள்ளையை வளர்த்து, எட்டாங்கிளாஸ் வரை படிக்க வைத்தது தாய்மாமன் நான். கருவாட்டு வியாபாரத்தில் அடிபட்டு மிதிபட்டு மேலே வந்தவன்.

மாப்பிள்ளை ராக்கப்பன் கொழும்பில் கடைச் சிப்பந்தி. எல்லாம் கடுதாசியிலேயே பேசி முடித்த சம்பந்தம். பெண்ணை அவன் பார்த்ததில்லை. முதல் நாள்தான் கப்பலில் வந்து இறங்கினான்.

தாலி ஏறியது. வாழ்த்து மடல் வாசிக்கிற நேரம்.

எங்கள் மடலை முதலில் படித்தார்கள். திருவாடானைப் புலவர் ஒருவரிடம் எழுதி வாங்கியது. கொடுத்த காசுக்கு எட்டு வரிதான் வரும் என்றார். நான் விடுவேனா? பேரம் பேசிப் பன்னிரண்டு வரி வாங்கினேன். நிலவு முகம், முத்துப் பல், மீன் விழி, ஒன்று குறையவில்லை. சம்பந்தம் பேசும்போதே அதில் ஒரு நகல் கொழும்புக்கும் போயிருந்தது.

அடுத்து மாப்பிள்ளைத் தோழன் சதக்கத்துல்லா எழுந்தான். கொழும்புக் கடையில் கூட வேலை பார்க்கிறவன். ரோஸ் காகிதத்தை விரித்து, ராகம் போட்டுப் படித்தான்.

"மீன்விழி என்பார், மதியத்துச் சந்தையிலே
மீன்விழியைப் பார்த்தவர்கள் மீண்டுமதைச் சொல்லார்.
முத்துப்பல் என்பார், முன்னிரண்டு பல்லிடையே
கட்டுமரம் ஒன்று கடந்துபோய் வந்துவிடும்.
நிலவுமுகம் என்பார், நிசந்தான், நிலவுக்கும்
அம்மை வார்த்த தழும்பு அங்கங்கே உண்டன்றோ!"

பந்தல் கொல்லென்று சிரித்தது.

நாகலெட்சுமிக்கு எட்டு வயதில் அம்மை வார்த்தது. கன்னமெல்லாம் தழும்பு. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. பாய்ந்துபோய்க் காகிதத்தைப் பறித்தேன். மறு கையில் அவன் சட்டை.

"எவன்டா எழுதினது? பேரைச் சொல்லு!"

"மாமா, சட்டைய விடுங்க. இன்னும் ரெண்டு வரி பாக்கி இருக்கு."

"அந்த ரெண்டையும் உன் வாயிலேயே திணிச்சிருவேன்! ஏலே, சந்தையில எங்கிட்ட வாயக் குடுத்துட்டு முழுசா வீடு போய்ச் சேந்தவன் கிடையாது, தெரியுமா?"

"கூத்தையா, விடப்பா. நல்ல காரியம் நடக்குற எடம்" என்று நாலு பேர் என்னைப் பிடித்து இழுத்தார்கள்.

"விடமாட்டேன்! பிள்ளை அழுகுது, கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

மாப்பிள்ளை கழுத்து மாலையோடு எழுந்து வந்தான்.

"எழுதினது நானில்ல மாமா. அச்சடிச்சது நான்தான்."

"நீயா? கட்டின தாலியில மஞ்சள் காயல. அதுக்குள்ள..."

"பாக்கி ரெண்டு வரியையும் நீங்களே படிச்சிருங்க."

எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"இன்னவள்தான் நான், இதற்கும் சம்மதமென்றால்
கப்பலேறி வாருங்கள், இல்லையெனில் வரவேண்டாம்."

என் கை தானாக இறங்கியது.

"மூணு மாசமாச் சட்டைப் பையில வச்சிருக்கேன்" என்றான் ராக்கப்பன். "நீங்க புலவரை வச்சு எழுதி அனுப்புன நிலாவுக்காக நான் கப்பல் ஏறல. இந்தக் கடுதாசிக்குத்தான் ஏறினேன். அவகிட்ட எழுதிக் கேட்டுட்டுத்தான் அச்சுக்கும் குடுத்தேன்."

நாகலெட்சுமி தலையைத் தூக்கினாள். அழுகையா அது? சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அப்பியிருந்த பவுடர் அதில் கரைந்து, தழும்பு வெளியே தெரிந்தது.

"ஏந்தாயி இப்படிப் பண்ணுன?"

"அவுக போட்டோ கேட்டாக. நீங்க அனுப்பல. நிலா, முத்துன்னு எழுதிவிட்டீக. நீங்க மூட்டை கட்டுறத நான் தெனமும் பாக்குறேனே மாமா. மேல் அடுக்குல நல்ல கருவாட வச்சு, அடியில நொறுங்கலத் தள்ளுவீக. என்னையும் அப்படிக் கட்டிட்டீக. அக்கரையில பிரிச்சுப் பாத்துட்டு, சரக்குச் சரியில்லன்னு திருப்பிவிட்டா நான் எங்கன போவேன்?"



சொல்லுங்கள், அந்த முகத்தைக் கேவலப்படுத்தியது யார்? இரண்டு பூச்சுப் பவுடர் அப்பச் சொன்னது எவன்? மல்லிகைச் சரத்தைப் புருவம் வரைக்கும் இறக்கிக் கட்டு என்றது எவன்? அவள் அந்த முகத்தை வைத்துப் பாட்டுக் கட்டினாள். தாலி கட்டினவன் அதை நம்பிக் கடல் தாண்டி வந்தான். அதைப் பார்க்க வெட்கப்பட்டவன் ஊரில் ஒரே ஒருத்தன்.

நாளைக் காலை தனுஷ்கோடி ரயிலேறிக் கொழும்புக் கப்பலைப் பிடிக்கப் பெண்ணும் மாப்பிள்ளையும் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நீயோ இன்னும் கடையில் குந்திக்கொண்டு ஊருக்கு நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறாய். போ. அந்தப் பிள்ளையின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து மன்னிப்புக் கேள். இதில் பேரம் கிடையாது.

உன்னைத்தான். எந்திரி, கூத்தையா!