மூச்சுப் பட்டால் ஓடும்

என் கணவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். அடுத்த மூச்சு வருமா என்று பக்கத்தில் காத்துக் கிடப்பது என் பாடு. அதற்குத்தான் கடைக்காரர் மாஸ்க் வழியாகக் காற்று ஊதும் இரண்டு மெஷின்களைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். எது தோதோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரலாம்.

"சுவிட்ச்கூட வேண்டாம்க்கா. மாஸ்க்குல மூச்சு பட்டாலே ஓடும். கழட்டினா நின்னுடும்."

இவர் வெள்ளை மெஷினின் மாஸ்க்கை மாட்டிக்கொண்டார். அது ஓடவில்லை. காலி நாற்காலியில் கிடந்த கறுப்பு மெஷினின் மாஸ்க் உஸ்ஸென்று காற்று விட ஆரம்பித்தது.

"மாத்திப் போடுங்க சார்."

கறுப்பை மாட்டினார். அது நின்றது. நாற்காலியில் வைத்த வெள்ளை ஓடியது.

கடைக்காரர் கறுப்பை வாங்கித் தானே மாட்டிப் பார்த்தார். ஓடியது. நான் மாட்டினேன். எனக்கும் ஓடியது.

"கல்யாணமான நாள்லேருந்து இந்த வீட்டுல எது என் பேச்சைக் கேட்டிருக்கு?" என்று இவர் சிரித்தார்.

இவர் மூக்கருகே உள்ளங்கையைக் கொண்டுபோனேன்.

"என்னடி, உயிர் இருக்கான்னு பாக்குறியா?"

இன்னும் பலமாகச் சிரித்தார். என் கையில் காற்றே படவில்லை.