அடியில் என்ன?

"இது ஆராய்ச்சியா, வாழ்த்து மடலா?"

ஹிலரி ஆய்வேட்டின் அத்தியாயம் ஒன்றை மேஜை மேல் தள்ளினார். எதிரே உட்கார்ந்திருந்த வனங்வா தலையைக் குனிந்துகொண்டாள்.

மான்செஸ்டரில் அன்றைக்கும் மழை. ஆராய்ச்சி மாணவர்களை வருஷத்துக்கு ஒரு முறை உட்காரவைத்துக் குடையும் கூட்டம் அது. தேறினால் படிப்பு தொடரும். இல்லையென்றால் வனங்வா மலாவிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். நடுவராக வந்திருந்த கிரஹாம் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

மலாவியில் பிரசவ ஆஸ்பத்திரிகளுக்கு டேப்லெட் கணினி கொடுத்து, பிறக்கும் குழந்தைகளை அதில் பதியவைக்கும் திட்டம் அவளுடைய வழிகாட்டியான பேராசிரியர் ஹிலரிக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. மற்ற மாவட்டங்களில் அது படுத்துவிட்டது. வனங்வாவின் மாவட்டத்தில் மட்டும் ஓடுகிறது. ஏன் ஓடுகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

"மத்த இடத்துல ஏன் படுத்துச்சுன்னு பிரமாதமா எழுதியிருக்கா, கிரஹாம். ஓடற இடத்துக்கு வந்ததும் என்ன எழுதியிருக்கா பாருங்க. ‘நர்சுகளின் நல்ல ஒத்துழைப்பு.' அவ்வளவுதான்."

"ஒத்துழைப்பு நல்ல விஷயம்தானே?"

"அது கண்ணுக்குத் தெரியறது. அடியில என்ன?"

ஹிலரியின் தத்துவமே அதுதான். விமர்சன யதார்த்தவாதம் என்று வாயில் நுழையாத பெயர். கண்ணில் படுவது மேல்தோல், அதை ஆட்டிவைப்பது அடியில் இருக்கும், தோண்டு என்பது சாரம். ‘இது இப்படி இருக்கிறதென்றால் அடியில் என்ன இருந்தாக வேண்டும்?' என்று மாணவர்கள் அச்சடித்துக் கொடுத்த கோப்பையில்தான் அவர் தேநீர் குடிப்பார்.

"சொல்லு வனங்வா. அவ்வளவு மாசம் அங்கேயே இருந்தியே, என்ன பார்த்தே?"

"எல்லாரும் நல்லா ஒத்துழைச்சாங்க, புரொபசர்."

மற்ற மாணவர்கள் ஹிலரி என்று பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இவளுக்கு மட்டும் நாக்கு எழும்பாது.

"சொந்த ஊருன்னா தோண்ட மனசு வராது. அதான் உன் கோளாறு. நானே வருஷா வருஷம் போய்ப் பார்க்கறேன். திரையைத் தட்டினா ஒரு குழந்தை விடாம பதிவாகியிருக்கு. நான் கண்ணால பார்த்ததைக்கூட உனக்கு விளக்கத் தெரியலை. சோம்பேறித்தனத்துக்கு மரியாதைன்னு பேர் வைக்காதே."

வனங்வாவின் கண் நிறைந்துவிட்டது.

கூட்டத்தின் கடைசியில் ஒரு வழக்கம் உண்டு. வழிகாட்டி வெளியே போய்விட வேண்டும். அவர் மேல் புகார் இருந்தால் மாணவர் நடுவரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். ஹிலரி கோப்பையோடு எழுந்து போனார். நன்றாகத் திட்டட்டும் என்று நினைத்தபடி கெட்டிலைப் போட்டார்.

தண்ணீர் கொதிப்பதற்குள் கிரஹாம் வந்துவிட்டார்.

"அதுக்குள்ள முடிச்சுட்டாளா? என்ன புகார்?"

"புகாரே இல்லை. தேறலைன்னு எழுதிடுங்க, ஊருக்குப் போயிடறேங்கறா. உங்ககிட்ட சொல்லவும் சொல்லிட்டா."

"பார்த்தீங்களா, அவளே ஒத்துக்கறா."

கிரஹாம் அவர் கையிலிருந்த கோப்பையை மெல்லத் திருப்பி, எழுத்தை அவர் பக்கம் காட்டினார்.

"மத்த அத்தியாயத்துல எல்லாம் அவ்வளவு ஆழமா தோண்டின பொண்ணு, இந்த ஒண்ணுல மட்டும் ஊமையாயிட்டா. டாக்டர் பட்டமே போனாலும் பரவாயில்லைங்கறா. இது இப்படி இருக்குன்னா, அடியில என்ன இருந்தாகணும், ஹிலரி?"

ஹிலரி அந்த எழுத்தைப் படித்தார். கோப்பையை அங்கேயே வைத்துவிட்டு அறைக்குத் திரும்பினார்.

"வனங்வா, நான் இல்லாதப்போ அந்த டேப்லெட் எல்லாம் எங்க இருக்கும்?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"பீரோவுல, புரொபசர்."

"அப்போ அந்தப் பதிவு?"

"நீங்க வர்றதுக்கு முந்தின வாரம், டூட்டி முடிஞ்சதும் நர்சுங்க எல்லாரும் உட்கார்ந்து, அந்த வருஷம் பிறந்த குழந்தைங்களையெல்லாம் தேதியை மாத்தி மாத்தி ஏத்துவாங்க. முதல் தடவை ஒரு குழந்தை பேரு திரையில வந்ததைப் பார்த்து நீங்க அழுதுட்டீங்களாம். ‘அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்ற அம்மா, அவங்க மனசு நோகக் கூடாது'ன்னு..."

ஹிலரிக்குக் காது வரை சுட்டது. பிரசவம் பார்த்த கையோடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, தனக்காகத் திரையை நிரப்பிய பெண்கள். ஒவ்வொரு வருஷமும் அந்தத் திரையைத்தான் தட்டிப் பார்த்தார். ஊருக்கெல்லாம் சொன்ன கேள்வியை அங்கே ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சற்று முன் ‘சோம்பேறி' என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"இதை எழுதியிருந்தா நீ தேறியிருப்பே. தெரிஞ்சும் ஏம்மா எழுதலை?"

வனங்வா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நானும் அந்த ஊர்க்காரிதானே, புரொபசர்."