சாரங்கபாணி போட்ட வட்டம்

கிட்ட வந்து உக்காருங்க. சத்தமா சொன்னா சாரங்கபாணி காதுல விழுந்துடும். மனுஷன் இன்னும் அந்தக் கோபத்தில்தான் இருக்கார்.

சாரங்கபாணி பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். எங்கள் பக்கத்து முன்னாள் படைவீரர் சங்கத்துக்குத் தலைவர். ஆற்றுக்குத் தென்கரையில் கல்யாணமே நடக்காத ஒரு கல்யாண மண்டபம் கட்டி வைத்திருக்கிறார்.

இங்கே பட்டாளத்துக் குடும்பங்கள் அதிகம். தென்கரையில் பாதி, வடகரையில் பாதி. சோப்பிலிருந்து சமையல் எண்ணெய் வரைக்கும் சலுகை விலையில் வேணும்னா தஞ்சாவூர் மிலிட்டரி கேன்டீனில்தான் வாங்கணும். ரெண்டு பஸ் மாறிப் போய், வரிசையில் நின்று, வீடு திரும்புவதற்குள் ஒரு நாள் காலி.

அப்போதுதான் நல்ல சேதி வந்தது. மாசத்துக்கு ஒரு நாள் கேன்டீன் வண்டியே ஊருக்கு வரும். ஆனால் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

இடம் பார்க்க ஒரு மேஜர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். சாரங்கபாணி தன் மண்டபத்திலேயே கூட்டம் போட்டார். சுவரில் மேப். குடும்பத்துக்கு ஒரு சிவப்புப் பொட்டு. மண்டபத்தை நடுவில் வைத்துப் பெரிதாய் ஒரு வட்டம்.

“பாருங்க சார், ஒரு பொட்டு கூட வட்டத்துக்கு வெளியில இல்ல. எல்லாரும் அஞ்சு கிலோமீட்டருக்குள்ள.”

“பிரமாதம்” என்றார் மேஜர்.

வட்டத்துக்குக் குறுக்கே ஆறு ஓடியது. மூங்கில் பாலம் போன வருஷ வெள்ளத்தோடு போய்விட்டது. அது மேப்புக்குத் தெரியாது. சாரங்கபாணிக்குத் தெரியும்.

வடகரைப் பெண்கள் அத்தனை பேரும் அக்னஸைப் பார்த்தார்கள். பட்டாளத்தில் நாயக்காக இருந்து செத்துப்போன லூர்துராஜின் மனைவி. அறுபத்தெட்டு வயசு. ரெண்டு முட்டியும் போச்சு, வாய் மட்டும் போகலை. இன்றைக்கு மண்டபம் இரண்டாகும் என்று எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அக்னஸ் எழுந்து கும்பிட்டாள்.

“தலைவர் நல்லாப் போட்டிருக்காருங்க சார். மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்ல. விரால் மீன் குழம்பு. அதோ ஜன்னல்ல தெரியுதே சர்ச் கோபுரம், அதுக்குப் பின்னாலதான்.”

“எவ்வளவு தூரம்மா?”

“மேப்புல மூணு கிலோமீட்டர்னு போட்டிருக்குங்க.”

வடகரை ஆனந்தவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மகன் காஷ்மீரில் பட்டாளத்தில் இருக்கிறான். “ஏன்க்கா, ஆபீசருக்குக் கொழம்பு ஊத்தி உங்க காரியத்த மட்டும் பாத்துக்கிறீங்களா? நாங்க எல்லாம் ஆத்துல நீந்தி வரணுமா?”

அக்னஸ் காதிலேயே வாங்கவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். மேஜர் கூப்பிட்டதால் சாரங்கபாணியும் ஏற வேண்டியதாயிற்று.

ஜீப் மேற்கே போனது. கோபுரம் வலது பக்கம் தெரிந்தது.

“இன்னும் எவ்வளவு தூரம்?”

“அதோ தெரியுதேங்க சார்.”

நாற்றுக்கட்டு ஏற்றிய டிராக்டர் வழியை மறித்தது. மதகு வைத்த ரெகுலேட்டர் பாலம் வந்து, ஆற்றைத் தாண்டி, ஜீப் கிழக்கே திரும்பியது. கோபுரம் சுண்டுவிரல் அளவுக்குச் சின்னதாகிவிட்டது.

“என்னம்மா இது, கிட்டப் போகப் போக எட்டப் போகுது?”

“எனக்கென்ன தெரியும் சார்? மேப்பு படிச்சவர் தலைவர்தான்.”

சாரங்கபாணி வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போய்ச் சேரும்போது மணி ரெண்டரை. இருபத்திரண்டு கிலோமீட்டர். மேஜர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

“கஷ்டம்தான்மா, புரியுது. ஆனா காகிதத்துல எல்லாரும் அஞ்சு கிலோமீட்டருக்குள்ளதான வர்றீங்க? காகிதம் சரியா இருந்தா நான் என்ன பண்ண முடியும்?”

“சரிங்க சார். சாப்பிட வாங்க.”

இலை போட்டாள். தண்ணீர் தெளித்தாள். உப்பு வைத்தாள். அடுப்படிக்குப் போனவள் கையில் ஒரு பையோடு திரும்பி வந்தாள்.

“மன்னிக்கணும் சார். தாளிக்க எண்ணெய் இல்ல. தலைவர் மண்டபத்துக்குப் பக்கத்துக் கடையில வாங்கிட்டு வந்துடுறேன். உக்காந்திருங்க, மூணு கிலோமீட்டர்தான்.”

மேஜர் இலையைப் பார்த்தார். உப்பைப் பார்த்தார். அப்புறம் சாரங்கபாணியைப் பார்த்த பார்வை இருக்கே, எதிரி நாட்டான்கூட அதைத் தாங்கமாட்டான்.

“அந்த கேன்டீன் ஃபைலை எடுங்க” என்றார் அவரிடம். பிறகு அக்னஸிடம் திரும்பினார். “வண்டி இனிமே உங்க சர்ச் வாசல்லதான் நிக்கும். போதுமாம்மா?”

“போதாதுங்க சார்.”

“இன்னும் என்ன?”

“இங்க நின்னா தென்கரைப் பொம்பளைங்க இருபத்திரண்டு கிலோமீட்டர் சுத்தணும். அங்கயும் முட்டி போனவங்க இருக்காங்க. காலையில தலைவர் மண்டபத்துல நிக்கட்டும், மத்தியானம் இங்க வரட்டும். சுத்துறத வண்டி சுத்தட்டும் சார். அதுக்கு முட்டி கிடையாது.”

மேஜர் பேனாவை எடுத்து, ஒரே இடம் என்றிருந்ததை அடித்து, ரெண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மை காய்வதற்குள் குழம்பு வந்தது. மேலே அரை விரற்கடைக்கு எண்ணெய் மிதந்தது.

“எண்ணெய் இல்லன்னீங்க?”

“பரண்ல ஒரு டின் இருந்துச்சு சார். வயசாச்சுல்ல, மறந்துபோச்சு.”

மேஜர் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். தஞ்சாவூருக்கு வடகரை ரோடுதான் கிட்டம் என்று கேள்விப்பட்டதும், தலைவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சாரங்கபாணியின் ஸ்கூட்டர் மண்டபத்து வாசலில் நின்றது. அவர் வடகரையில் நின்றார்.

அக்னஸ் உள்ளே போய் லூர்துராஜின் பழைய குடையை எடுத்து வந்து, விரித்து அவர் கையில் கொடுத்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கையை நீட்டிக் காட்டினாள்.

“பாத்துப் போங்க தலைவரே. அதோ தெரியுது பாருங்க, உங்க மண்டபம்.”