கரண்டிக்கு வைத்த பெயர்

பெரட்டுக்கு வந்தவர்கள்: கரண்டி, கத்தி, தட்டு, சட்டி, கேத்தல். ஆறு வயது யதுஷிகா. நாலு வயது தினுஷன். மடியில் பட அட்டைகளோடு அவர்களின் பெரியம்மா கம்சலா.

காலைப் பெரட்டில், தேயிலை மலைக்குப் போகுமுன் கங்காணி வரிசையாகப் பெயர் கூப்பிடுவதைப் போல, கம்சலா ஒவ்வொரு படமாகத் தூக்கிக் கூப்பிடுவாள். பிள்ளைகள் ஆப்பிரிக்கான்ஸில் பதில் சொல்ல வேண்டும். விளையாட்டைக் கண்டுபிடித்தது யதுஷிகா.

"சட்டி இன்னைக்கும் லேட்டு பெரியம்மா. அரை நாள் பேருதான் போடணும்."

கம்சலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலும் தோள் வலித்தது. மூன்று மாதமாக, பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, அடுப்பு மூட்டுமுன் இந்தப் பாடம்.

அட்டையின் பின்பக்கத்தை மட்டும் காட்டமாட்டாள். பார்த்துச் சொன்னால் படிப்பில்லை என்பாள்.

அட்டைகளை அனுப்பியது அவளுடைய தங்கை, பிள்ளைகளின் தாய் சிவானுஜா. புருஷன் செத்தபின் கேப்டவுனுக்கு வேலைக்குப் போனவள் அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள். புது மாமியாருக்கு வேறு பாஷை தெரியாது. பகலெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போவது அந்த மாமியார்தான். குசினியில் நாலு சாமானின் பெயராவது தெரிந்தால் வரட்டும் என்று மாமியார் சொல்லியிருந்தாள்.

தேறினால் பிள்ளைகள் இரண்டும் போய்விடும்.

தினுஷன் தவழ்ந்த நாளிலிருந்து வளர்த்தவள் கம்சலா. பெரகலைத் தபாலாபீசுக்குப் போய் அட்டைப் பார்சலை எடுத்து வந்தவளும் அவள்தான்.

மத்தியானம் போன் அடித்தது. திரையில் ஒரு பெரிய குசினி. ஏப்ரன் கட்டிய மாமியார்க் கிழவி ஒரு கரண்டியைத் தூக்கிக் காட்டினாள்.

"மெஸ்!" என்று இரண்டும் ஒன்றாகக் கத்தின.

கத்திக்கு லீபல் என்றார்கள். தட்டுக்குப் பொட். சட்டிக்குப் போர்ட்.

தண்ணீர் சுடவைக்கும் கேத்தலுக்குக் கீட்டல் என்றார்கள். அது ஒன்றுதான் சரி. அந்தப் பெயரை மாற்றக் கம்சலாவுக்கு வழியில்லை. இங்கே கேத்தல், அங்கே கீட்டல், குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். மற்றவற்றை முதல் நாளே மாற்றிவிட்டாள்.

கிழவி சிரித்தாள். ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

சிவானுஜா சிரிக்கவில்லை.

"மாமிக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு. இப்படிப்பட்ட பிள்ளைங்கள உடனே கூப்பிடணுமாம். டிக்கெட் போடச் சொல்லிட்டாங்க." அவள் கம்சலாவை மட்டும் பார்த்தாள். "நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க, அக்கா."

போன் அணைந்தது. தினுஷன் பாயில் குதித்தான்.

யதுஷிகா குதிக்கவில்லை. பெரியம்மாவின் மடியிலிருந்து அட்டைகளை எடுத்தாள். கரண்டியைப் புரட்டினாள். பின்னால் அம்மா தமிழில் எழுதி அனுப்பியிருந்ததை விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள். இந்த வருஷம்தான் முதலாம் வகுப்பு.

லீ. ப. ல்.

கத்தியைப் புரட்டினாள். பிறகு தட்டு. ஐந்தையும் வாசித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

கம்சலா தடுக்கவில்லை.

"அப்ப அவங்க என்னையப் பாத்துத்தானே சிரிச்சாங்க?"

கம்சலா கையை நீட்டினாள். பிள்ளை பின்வாங்கியது. வளர்த்த இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

யதுஷிகா தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே படுக்கிற காம்பராவுக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். தகரப் பெட்டி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

கதவுக் கொண்டி அவளுக்கு எட்டாது. பெட்டிமேல் ஏறி நின்று போட்டாள்.