கம்பளித் திருடர்கள்

“மேல இருக்கிற ஜோடியைக் காலி பண்ண வெள்ளிக்கிழமை ஆள் வருது,” என்றார் விப்ரன்.

“சின்னக் குழந்தைங்க இருக்குங்க. கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?” என்றாள் அவர் மனைவி ஃபென்னா.

“திருடங்களுக்கு என்ன சலுகை? குளிர் வராம இருக்கக் கூரை ஓரத்து இடுக்கெல்லாம் ஆட்டுக் கம்பளி வச்சு அடைச்சேன். அத்தனையும் உருவிட்டாங்களே.”

விப்ரன், தெருவின் எரிபொருள் சிக்கனக் குழுத் தலைவர். அவர் பேச்சைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டுக்காரரும் இடுக்குகளை அடைத்தார். போன வாரம் அந்த வீட்டின் தட்டைக் கூரை மக்கி, அடுக்களையில் விழுந்தது. தங்கள் கூரைக்கும் அந்தக் கதிதானோ என்று பயந்து, ஃபென்னா தச்சர் டாக்கேயை வரவழைத்து, கம்பளி திருடு போனதையும் சொன்னாள்.

டாக்கே உட்கூரைப் பலகையைக் கழற்றி உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

“மரமெல்லாம் காய்ஞ்சு கிண்ணுனு இருக்கும்மா. குளியலறை ஆவி இந்த இடுக்கு வழியாத்தான் வெளிய போகுது. அடைச்சே இருந்திருந்தா உள்ளேயே தண்ணியா நின்னு, உங்களுதும் மக்கியிருக்கும்.”

ஃபென்னாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“கம்பளியை உருவின புண்ணியவான் யாரு சார்? கூப்பிடுங்க, கை குடுக்கணும்,” என்றார் டாக்கே.

விப்ரன் மெல்ல உள்ளே நழுவினார். ஃபென்னா தச்சரைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய்ப் பழைய புகைபோக்கியைக் காட்டினாள்.

“கை கிடையாது, றெக்கைதான். காக்கா ஜோடி. உள்ள கூடு கட்டியிருக்கு.”

சொல்லிவிட்டு, நல்ல பாலாடைக்கட்டியாக இரண்டு துண்டு எடுத்துவந்து மதில்மேல் வைத்தாள்.

விப்ரன் அதற்குள் வெள்ளிக்கிழமை ஆளுக்குப் போன் போட்டிருந்தார்.

“வர வேண்டாம்ப்பா. அவங்க நம்ம குழுவோட காற்றோட்ட ஆலோசகர்கள்.”