கௌபாய் டவுன் முனியாண்டி

"இராஜம்மா, இந்த முனியாண்டி இங்க இருக்கக் கூடாது. தீமுக்கு ஒத்து வரல."

அமெரிக்காவில் மூன்று வாரம் பயிற்சி எடுத்து வந்ததிலிருந்து, 'தீம்' என்ற சொல் இல்லாமல் மேனேஜர் அடைக்கப்பனுக்கு வாயே திறக்காது. மலேசியாவில், ஷா ஆலம் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிக்கொண்டிருந்த கேளிக்கைப் பூங்கா அது. ஒரு மூலை எகிப்து, ஒரு மூலை ஆப்பிரிக்கா. முனியாண்டி சாமி சிலை இருந்த மூலைக்கு 'கௌபாய் டவுன்' என்று பேர்.

பூங்காவில் கூட்டிப் பெருக்கும் இராஜம்மா அந்தத் தோட்டத்தில் பிறந்தவள்.

"நாங்க குடியிருந்த லயத்த இடிச்சீங்க, பேசாம போனோம். எங்களுக்குன்னு மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான் சார்."

"கௌபாய் ஊர்ல முனியாண்டிக்கு என்ன வேலை? பாக்குறவன் சிரிப்பான் லா."

"நீங்களே கோயில் கமிட்டித் தலைவரு. நெத்தி நெறைய திருநீறு வேற."

"அது நெத்தி. இது பிசினஸ்."

படிப்பது இராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று சும்மாவா சொன்னார்கள்.

இடிக்கும் வேலை சூப்பர்வைசர் சலாவுதீனிடம் போனது. "பாய் கையில குடுத்தாச்சு. இனி செங்கல்கூட மிஞ்சாது" என்று ஆட்கள் முணுமுணுத்தார்கள். இராஜம்மா கடைசியாக ஒரு சுருட்டைப் பற்றவைத்துச் சாமி முன்னால் வைத்தாள். சலாவுதீனை முறைத்துக்கொண்டே போனாள்.

மறுநாள் காலை, பூங்காவை வடிவமைத்த அமெரிக்கர் பார்வையிட வந்தார். கௌபாய் டவுனுக்குள் திரும்பியதும் அடைக்கப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

முனியாண்டி அப்படியே நின்றார். சுற்றிலும் புது மரக்கட்டை வேலி. தலைக்கு மேலே ஒரு பலகை. அதில் கௌபாய் ஊர்க் காவல் தலைவரின் பட்டமான 'ஷெரிப்' என்று எழுதியிருந்தது.

அமெரிக்கர் பிலிம் ரோல் தீரும்வரை படம் எடுத்தார். "இந்த டவுனிலேயே கச்சிதமாகப் பொருந்தியிருப்பது இதுதான்" என்று அடைக்கப்பனின் கையைக் குலுக்கினார்.

"என்னோட ஐடியாதான்" என்றார் அடைக்கப்பன், கொஞ்சமும் கூசாமல்.

அமெரிக்கர் கார் ஏறியதும் அடைக்கப்பன் சலாவுதீன் மேல் பாய்ந்தார். "யாரக் கேட்டு செஞ்ச?"

"தீமத்தான் பாத்தேன் பாஸ். பெரிய மீசை, வெள்ளக் குதிரை, வாயில சுருட்டு, பக்கத்துல பாட்டில். இவரவிட கௌபாய் யாரு?"

இராஜம்மா கலங்கிய கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். சலாவுதீனைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு அடைக்கப்பன் பக்கம் திரும்பினாள்.

"சாமி ஒத்துப்போச்சு சார். உங்க நெத்தியில இருக்கிற திருநீறுதான் தீமுக்கு ஒத்து வரல. அழிச்சிடுங்க."